வைரஸில் சூப்பர் ஆன்டிஜன் உண்டு என்ற கூற்றை எடைபோட்டுப் பார்ப்பது எப்படி?

ஒரு வைரஸ் நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே கட்டுமீறி உடலின் உறுப்புகளைப் பாதிக்கும்போது, அந்த வைரஸின் புரதம் ஒன்று 'சூப்பர் ஆன்டிஜனாக', அதாவது டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்களைக் கூட்டம் கூட்டமாகத் தூண்டும் பொருளாகச் செயல்படுகிறது என்ற விளக்கம் பெரும்பாலும் எழுந்துவிடுகிறது. அது சில வேளைகளில் ஆய்வுக் கட்டுரையில் எச்சரிக்கையான சொற்களோடு வருகிறது. அங்கிருந்து செய்தித் தலைப்புக்கு வந்து சேரும்போது எச்சரிக்கை உதிர்ந்து, அச்சம் மட்டும் மிஞ்சுகிறது. உயிரியல் படிக்கும் மாணவர், மருத்துவச் செய்தி எழுதுபவர், நோயுற்ற குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து கைபேசியில் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் ஆகிய மூவரும் அப்படியொரு கூற்றை எதிர்கொள்ளும்போது என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரஸ்களுக்குச் சூப்பர் ஆன்டிஜன் இருக்க முடியும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆனால் அது நிறுவப்பட்டிருப்பது சுண்டெலியில். மனிதரில், அத்தகைய தூண்டலின் காலடித் தடம் போன்ற ஒன்று பலமுறை தென்பட்டிருக்கிறது என்றாலும், அந்தத் தடத்தைப் பதித்தது இந்த வைரஸின் இந்தப் புரதம்தான் என்று எல்லோரும் ஏற்கும்படி எதுவும் இன்னும் காட்டப்படவில்லை. தடத்தையும் அதைப் பதித்த காலையும் பிரித்தறிவதே இந்த வழிகாட்டியின் வேலை.

முதலில் ஒரு படம் வரையுங்கள்

ஒரு தாளில் இரண்டு செல்களை எதிரெதிராக வரைந்துகொள்ளுங்கள். இடப்பக்கம், ஆன்டிஜனை (எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் பொருளை) எடுத்துக் காட்டும் செல். வலப்பக்கம் டி செல். காட்டும் செல்லின் மேற்பரப்பில் எம்எச்சி இரண்டாம் வகுப்பு மூலக்கூறு இருக்கிறது. மனிதரில் இதற்கு எச்எல்ஏ என்று பெயர். அதன் உச்சியில் ஒரு பள்ளம் உண்டு. வைரஸின் புரதத்தைச் செல் உள்ளே வாங்கித் துண்டுகளாக வெட்டி, ஒரு துணுக்கை அந்தப் பள்ளத்தில் வைத்து வெளியே காட்டுகிறது. டி செல்லின் ஏற்பி, அந்தத் துணுக்கும் பள்ளத்தின் விளிம்பும் சேர்ந்த வடிவத்துக்குப் பொருந்தினால் மட்டுமே செல் விழித்தெழும். அப்படிப் பொருந்தும் டி செல்கள் மிகச் சிலவே. பத்தாயிரத்தில் ஒன்று என்பதே தாராளமான கணக்கு, பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு.

இப்போது அதே படத்தில் சூப்பர் ஆன்டிஜனை வரையுங்கள். இது வெட்டப்படுவதற்கும் பள்ளத்தில் வைக்கப்படுவதற்கும் காத்திருப்பதில்லை. முழுப் புரதமாகவே, ஒரு கையால் எம்எச்சி மூலக்கூறின் வெளிப்பக்கத்தையும் மறு கையால் டி செல் ஏற்பியின் பக்கவாட்டையும் பிடித்து இரண்டையும் இறுக்கிவிடுகிறது. ஏற்பியில் அது பிடிக்கும் இடம், பீட்டா சங்கிலியின் மாறுபடு பகுதி. இதை வி-பீட்டா என்பார்கள். மனிதரின் டி செல்கள் எல்லாம் சில பத்து வி-பீட்டா வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே ஒரு சூப்பர் ஆன்டிஜன் இரண்டு மூன்று வகைகளைப் பிடித்தாலே மொத்த டி செல்களில் 5 முதல் 20 விழுக்காடு வரை, சில வேளைகளில் அதற்கும் மேலாக, ஒரே நேரத்தில் தூண்டப்பட்டுவிடும். அந்தச் செல்கள் எந்தக் கிருமியை அடையாளம் காணப் பிறந்தவை என்பது இங்கே பொருட்டே இல்லை. அவை ஒன்றுகூடி வெளியிடும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-2, இன்டர்ஃபெரான்-காமா போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதுப் புரதங்கள்) இரத்தக் குழாய்களைக் கசியச் செய்து, இரத்த அழுத்தத்தை வீழ்த்தி, உறுப்புகளைச் செயலிழக்க வைக்கக்கூடும்.

இந்தப் பெயர் 1989இல், ஃபிலிப்பா மாரக், ஜான் காப்ளர் ஆகியோரின் ஆய்வுக் குழுவிலிருந்து வந்தது. அவர்கள் அப்போது ஆராய்ந்தது வைரஸை அன்று. ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் குடல்நச்சு 'பி' என்னும் புரதத்தை. பாக்டீரியா நச்சுகளைப் பொறுத்தவரை, மனிதரில் ஏற்படும் தீங்கு தெளிவாகவே நிறுவப்பட்டுள்ளது. 1978இல் ஜேம்ஸ் டாட் ஏழு பிள்ளைகளிடம் கண்டு விவரித்த நச்சு அதிர்ச்சி நோய் அதற்குச் சான்று. அதன் முதன்மைக் காரணியான நச்சு, வி-பீட்டா 2 வகை டி செல்களைப் பெருக்கிவிடுகிறது. வைரஸைப் பற்றிய ஒவ்வொரு கூற்றும் இந்தப் பாக்டீரியாக் கதையோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டே வரும். அந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

அளவுகோலாகச் சுண்டெலி வைரஸை வைத்துக்கொள்ளுங்கள்

புதிய கூற்று எதையும் எடைபோட ஓர் எடைக்கல் வேண்டும். வைரஸ் உலகில் அந்த எடைக்கல், சுண்டெலியின் மார்பகப் புற்றுநோய் வைரஸ். இதன் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் துறையின் எந்தச் செய்தியையும் சரியாகப் படிக்க முடியாது என்று கருதுவதால், இங்கே சற்று நின்று போகிறேன்.

1936இல் ஜான் பிட்னர், சுண்டெலிகளில் மார்பகப் புற்றுநோய்க்கான ஏதோ ஒன்று தாய்ப்பால் வழியே குட்டிகளுக்குச் செல்கிறது என்று காட்டினார். பின்னாளில் அது ஒரு ரெட்ரோவைரஸ், அதாவது தன் மரபணுவைத் தான் தொற்றும் செல்லின் மரபணுத் தொகுதியோடு சேர்த்துவிடும் வகை வைரஸ் என்று தெரியவந்தது. இதற்குத் தொடர்பே இல்லாததுபோல் இன்னொரு புதிரும் இருந்தது. 1970களில் ஹில்லியார்ட் ஃபெஸ்டன்ஸ்டைன், எம்எச்சி மூலக்கூறுகள் ஒன்றாகவே இருக்கும் இரு சுண்டெலி இனங்களின் வெள்ளணுக்களைக் கலந்தபோதும் சில வேளைகளில் டி செல்கள் பெருவாரியாகத் தூண்டப்படுவதைக் கண்டார். தூண்டும் பொருள் என்ன என்பது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விளங்காமலே கிடந்தது. 1991இல் பல ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடையைக் கண்டன: அந்தத் தூண்டும் பொருள், சுண்டெலியின் மரபணுத் தொகுதிக்குள் தலைமுறைகளாகத் தங்கிவிட்ட அதே மார்பகப் புற்றுநோய் வைரஸின் மரபணு ஒன்றிலிருந்து பிறக்கும் புரதம். தாய்ப்பாலில் வரும் வைரஸுக்கும் அதே வகைப் புரதம் உண்டு.

அந்தப் புரதத்தால் வைரஸுக்கு என்ன பயன்? பாலோடு குடலுக்குள் வந்த வைரஸ், அங்கிருக்கும் நிணநீர்த் திட்டுகளில், எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி செல்களைத் தொற்றுகிறது. தொற்றப்பட்ட பி செல், சூப்பர் ஆன்டிஜனைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. அதற்குரிய வி-பீட்டா உள்ள டி செல்கள் கூட்டமாக வந்து, உதவிச் சைட்டோகைன்களைப் பொழிகின்றன. அந்த உதவியால் பி செல் பெருகுகிறது. அதனோடு வைரஸும் பெருகி, காலப்போக்கில் பால் சுரப்பிகளைச் சென்றடைகிறது. இந்தச் சங்கிலியை அறுத்துப் பார்த்த சோதனை 1992இல் வந்தது. வைரஸின் சூப்பர் ஆன்டிஜன் மரபணுவைச் சுண்டெலிகளுக்குள் முன்கூட்டியே புகுத்தினார்கள். அதனால் வி-பீட்டா 14 வகை டி செல்கள் தைமஸ் சுரப்பியிலேயே அழிந்துபோயின. அந்தச் சுண்டெலிகள் பின்னர் பால் வழி வந்த வைரஸின் தொற்றிலிருந்து காக்கப்பட்டன. தூண்டப்பட வேண்டிய டி செல் இல்லையென்றால் வைரஸால் காலூன்ற முடியவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, நிறுவுதல் என்றால் என்ன என்பதன் அளவு: புரதம் எது என்று தெரியும், அதன் மரபணு தெரியும், அது பிடிக்கும் வி-பீட்டா தெரியும், அந்த டி செல்களை நீக்கினால் தொற்றின் போக்கு மாறுகிறது. இரண்டாவது, நான் இன்னும் முக்கியமாகக் கருதுவது: இவ்வளவு தெளிவான சூப்பர் ஆன்டிஜன் இருந்தும் அந்தச் சுண்டெலிக்குச் சைட்டோகைன்கள் உடலெங்கும் கட்டுமீறிப் பொங்கும் 'சைட்டோகைன் புயல்' வருவதில்லை, அதிர்ச்சியில் அது இறப்பதும் இல்லை. பாக்டீரியா நச்சு இரத்தத்தில் கரைந்து உடலெங்கும் பரவுகிறது. இந்த வைரஸின் புரதமோ செல்லின் சவ்வில் பதிந்து நிற்கிறது, அதனால் தூண்டல் அந்தச் செல் இருக்கும் நிணநீர்த் திசுவுக்குள்ளேயே பெரிதும் அடங்கிவிடுகிறது. எனவே 'வைரஸில் சூப்பர் ஆன்டிஜன் உண்டு' என்பதும் 'வைரஸ் எதிர்ப்பு மண்டலத்தைப் புயலாக்குகிறது' என்பதும் வெவ்வேறு கூற்றுகள். ஒன்றை நிறுவிவிட்டு மற்றதையும் நிறுவியதாகச் சொல்லும் கட்டுரையைக் கண்டால், அந்த இடத்தில் கோடிட்டு வையுங்கள்.

கையில் இருக்கும் சான்று எந்த வகை என்று பிரியுங்கள்

கூற்றைப் படித்ததும், அதற்குத் தரப்படும் சான்று என்ன என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். 'நோயாளிகளின் இரத்தத்தில் சைட்டோகைன்கள் மிக அதிகமாக இருந்தன' என்பது மட்டுமே அந்த வரி என்றால், சூப்பர் ஆன்டிஜனைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. புயல் பல திசைகளிலிருந்து வரலாம். 2006இல் லண்டனில், சிடி28 என்ற டி செல் மூலக்கூறைத் தூண்டும் ஒரு புதிய எதிர்ப்பொருள் மருந்து ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தப்பட்டபோது, ஒன்றரை மணி நேரத்துக்குள் அறுவருக்கும் கடுமையான சைட்டோகைன் எழுச்சி தொடங்கியது. அங்கே வைரஸும் இல்லை, சூப்பர் ஆன்டிஜனும் இல்லை. பாக்டீரியாவின் உள்நச்சு (அதன் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின்), கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கட்டுமீறும் பிறவிக் கோளாறுகள், வைரஸின் ஆர்என்ஏவை உணரும் உள்ளார்ந்த எதிர்ப்பு வழிகள் ஆகியவையும் அதே சைட்டோகைன்களை உயர்த்துகின்றன.

'வைரஸ் புரதத்தின் ஒரு பகுதி, பாக்டீரியா நச்சின் ஒரு பகுதியை ஒத்திருக்கிறது' என்பது வரியானால், உங்கள் முன் இருப்பது ஒரு கருதுகோள். கணினியில் இரண்டு வடிவங்களைப் பொருத்திப் பார்ப்பது நல்ல தொடக்கம். அடுத்து என்ன சோதனை செய்யலாம் என்று அது சொல்லும். ஆனால் குறுகிய அமினோ அமில வரிசைகள் தற்செயலாக ஒத்துப்போவது புரதங்களில் அரிதன்று.

'ஒரு குறிப்பிட்ட வி-பீட்டா வகை மட்டும் பெருகியிருந்தது' என்றால், அது காலடித் தடம். 'தூய புரதமே டி செல்களைத் தூண்டியது, இன்ன இடத்தை மாற்றியதும் தூண்டல் நின்றது' என்றால், கால் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இந்த இரண்டையும் தனித்தனியே சோதிக்கும் முறை கீழே வருகிறது.

வி-பீட்டா எண்களைப் படிக்கும் முறை

பெரும்பாலான பிழைகள் நிகழ்வது இங்கேதான் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர்களைச் சரிபாருங்கள். வி-பீட்டா வகைகளுக்கு இரண்டு பெயர் முறைகள் புழக்கத்தில் உள்ளன. பழைய எண்களும் இன்றைய மரபணுப் பெயர்களும் ஒத்துப்போவதில்லை. பழைய வி-பீட்டா 2 என்பது இன்றைய டிஆர்பிவி 20-1; இன்றைய டிஆர்பிவி 2 என்பது பழைய வி-பீட்டா 22. பழைய வி-பீட்டா 21.3 என்பது டிஆர்பிவி 11-2. எதிர்ப்பொருள் கொண்டு ஃபுளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகைபிரிக்கும் முறையில்) அளந்தவர்கள் பழைய எண்ணையும், ஏற்பியின் மரபணு வரிசையைப் படித்தவர்கள் புதிய பெயரையும் எழுதுவார்கள். இதைக் கவனிக்காவிட்டால், ஒரே கண்டுபிடிப்பைச் சொல்லும் இரண்டு கட்டுரைகள் முரண்படுவதாகவும், முரண்படும் இரண்டு கட்டுரைகள் ஒன்றையே சொல்வதாகவும் தோன்றிவிடும்.

அடுத்து, விழுக்காட்டை எண்ணிக்கையாக மாற்றுங்கள். எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம். நலமாக இருக்கும் ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 2,000 டி செல்கள், அவற்றில் குறிப்பிட்ட வகை 3 விழுக்காடு என்றால், அந்த வகைச் செல்கள் 60. கடும் வைரஸ் நோயில் ஒருவருக்கு மொத்த டி செல்கள் 500 ஆகக் குறைந்து, அந்த வகை 12 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது என்றால், அதுவும் 60 செல்களே. வரைபடத்தில் நான்கு மடங்கு உயர்வாகத் தெரிவது, உண்மையில் மற்ற செல்கள் குறைந்ததன் விளைவு. வைரஸ் நோய்களில் டி செல் எண்ணிக்கை வீழ்வது வழக்கம் என்பதால், விழுக்காட்டை மட்டும் தரும் கட்டுரையில் மொத்த எண்ணிக்கையைத் தேடுங்கள்; அது இல்லையென்றால், செல்கள் பெருக்கத்தில் இருப்பதைக் காட்டும் குறியீடுகளையாவது தேடுங்கள்.

மூன்றாவதாக, பெருகிய செல்கள் ஒரு வேரிலிருந்து வந்தவையா, பல வேர்களிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். என் கருத்தில், எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி இதுவே. டி செல் ஏற்பியில் சிடிஆர்-3 என்ற பகுதி ஒவ்வொரு குளோனுக்கும் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டத்துக்கும்) தனித்தன்மையானது. ஒரு குடும்பத்தின் முகவரி வி-பீட்டா என்றால், தனி ஆளின் கைரேகை சிடிஆர்-3. ஒரு வைரஸ் துணுக்குக்குப் பொருந்திய ஒரு செல் பெருகியிருந்தால், அந்த வி-பீட்டாவுக்குள் ஒரே கைரேகை திரும்பத் திரும்ப வரும். சூப்பர் ஆன்டிஜன் தூண்டியிருந்தால், முகவரி ஒன்றாகவும் கைரேகைகள் எண்ணற்றவையாகவும் இருக்கும். ஏனெனில் அது கைரேகையைப் பார்ப்பதே இல்லை. வி-பீட்டா பெருக்கத்தைக் காட்டிவிட்டுச் சிடிஆர்-3 பற்றிப் பேசாத கட்டுரை, தன் முடிவுக்கு வேண்டிய சான்றில் பாதியை விட்டுவிட்டது. அத்துடன், சூப்பர் ஆன்டிஜன் உதவி டி செல்களான சிடி4 வகையையும் கொல்லும் டி செல்களான சிடி8 வகையையும் சேர்த்தே தூண்டக்கூடியது என்பதால், பெருக்கம் இரண்டிலும் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, காலம். சூப்பர் ஆன்டிஜன் பட்டவுடன் டி செல்கள் தம் ஏற்பியை உள்ளிழுத்துக்கொள்வதால், முதல் சில மணி நேரங்களில் அந்த வி-பீட்டா குறைந்ததுபோலவே தோன்றலாம். பின்னர் சில நாட்களில் பெருக்கம் உச்சத்தை அடையும். அதன்பின் அந்தச் செல்களில் பெரும்பகுதி இறந்துபோகும். எஞ்சியவை தூண்டலுக்கு மசியாமல் சோர்ந்துவிடும். ஆகவே ஒரே நோயில், ஒருவர் பெருக்கத்தையும் இன்னொருவர் குறைவையும் மூன்றாமவர் எதுவும் இல்லாததையும் காணக்கூடும். நாள் குறிப்பிடாத மாதிரிகளை வைத்து 'இருக்கிறது' என்றும் சொல்ல வேண்டாம், 'இல்லை' என்றும் சொல்ல வேண்டாம். ஒப்பீட்டுக் குழுவையும் மறக்காதீர்கள்: நலமாக இருப்பவர்களிடையேகூட வி-பீட்டாப் பங்கீடு, அவரவர் எச்எல்ஏ அமைப்புக்கு ஏற்ப மாறுகிறது.

சோதனைச்சாலைச் சான்றிடம் கேட்க வேண்டியவை

புரதம் தூய்மையானதா என்பதே முதல் கேள்வி. ஆய்வுக்கான வைரஸ் புரதங்கள் பல, ஈ. கோலை பாக்டீரியாவில் வளர்த்துப் பிரிக்கப்படுகின்றன. அவற்றோடு உள்நச்சும் ஒட்டிக்கொண்டு வரும். மிகச் சிறிய அளவு உள்நச்சே சைட்டோகைன்களை எழுப்பப் போதும். கொதிக்க வைத்து ஒப்பிடுவது ஒரு வழி: உள்நச்சு கொதியைத் தாங்கும், புரதங்கள் பெரும்பாலும் தாங்கா. ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் குடல்நச்சுகள் தாமே வெப்பத்தைத் தாங்குபவை என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்பியிருக்க முடியாது. தூய்மைச் சிக்கல் வெறும் கற்பனை அன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் ஒரு புரதம், ஸ்பீ-பி, நீண்ட காலம் சூப்பர் ஆன்டிஜன் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. டி செல்களைத் தூண்டியது அதனோடு கலந்திருந்த வேறு நச்சின் மாசு என்று தெரிந்த பின்னரே அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தேர்ந்த ஆய்வாளர்களுக்கே இது நேர்ந்தது என்பதை நினைவில் வைத்தால், மாசைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அடுத்து, காட்டும் செல்லை வேதிப்பொருளால் உறைய வைத்த பின்னும் தூண்டல் நிகழ்கிறதா என்று பாருங்கள். உறைந்த செல்லால் புரதத்தை வெட்டித் துணுக்காக்க முடியாது. அப்போதும் டி செல் விழித்தால், முழுப் புரதமே இணைப்பை உண்டாக்குகிறது என்று பொருள். எம்எச்சி இரண்டாம் வகுப்பை எதிர்ப்பொருளால் மறைத்தால் தூண்டல் நிற்க வேண்டும். டி செல்லுக்கு அந்நியமான எச்எல்ஏ வகை கொண்ட காட்டும் செல்லோடும் அதே வி-பீட்டா தூண்டப்பட வேண்டும். இவை அனைத்திலும் தலையாயது, இணையும் இடம் என்று சொல்லப்படும் பகுதியில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதும் தூண்டல் மறைகிறதா என்பது. மாசு எதுவும் அந்த மாற்றத்துக்குக் கட்டுப்படாது.

வைரஸ்களுக்கு ஒரு விதிவிலக்கை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சுண்டெலி வைரஸின் சூப்பர் ஆன்டிஜன், செல்லுக்குள் உருவாகி, ஃபியூரின் என்ற நொதியால் வெட்டப்பட்டு, சவ்வில் ஏறிய பின்பே வேலை செய்கிறது. அத்தகைய ஒன்றைக் கரைசலாகச் செல்களின் மேல் ஊற்றிப் பார்த்துவிட்டு 'தூண்டல் இல்லை' என்றால், அந்த முடிவு பாதிதான். வைரஸ் புரதத்தைக் காட்டும் செல்லுக்குள்ளேயே உருவாக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மனித வைரஸ்களில் பழகிப் பாருங்கள்

மேற்சொன்ன கேள்விகளைச் சில உண்மையான கூற்றுகளில் வைத்துப் பார்த்தால் கை பழகிவிடும்.

1992இல், வெறிநாய்க்கடி வைரஸின் உட்கரு உறைப் புரதம் மனிதரின் வி-பீட்டா 8 வகை டி செல்களைத் தூண்டுகிறது, எச்எல்ஏ இரண்டாம் வகுப்போடு இணைகிறது என்று மோனிக் லாஃபோனின் குழு நேச்சர் இதழில் தெரிவித்தது. புரதமும் வி-பீட்டாவும் பெயர் சொல்லப்பட்டிருப்பது இதன் வலிமை. ஆனால் வெறிநாய்க்கடி நோய், எதிர்ப்பு மண்டலம் புயலாகும் நோய்க்கு எடுத்துக்காட்டு அன்று. அந்த வைரஸ் நரம்பு வழியே மூளைக்குச் செல்லும் வரை பெரும்பாலும் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமலே செல்கிறது.

1991இல் எச்ஐவி தொற்றியவர்களில் சில வி-பீட்டா வகைகள் மட்டும் குறைந்திருப்பதாக அறிவிப்பு வந்தபோது, எய்ட்ஸ் நோயில் டி செல்கள் அழிவதற்கே சூப்பர் ஆன்டிஜன்தான் காரணமோ என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. பின்வந்த ஆய்வுகள் ஒரே வடிவத்தைக் காட்டவில்லை. எச்ஐவியின் எந்தப் புரதமும் அந்த இடத்தில் நிலைபெறவில்லை.

கற்றுக்கொள்வதற்கு மிகுதியாக உள்ளது முதல் வகை நீரிழிவின் கதை. 1994இல், நோய் தொடங்கிய வேளையில் இறந்த இருவரின் கணையத்தில் வி-பீட்டா 7 வகை டி செல்கள் மிகுந்திருப்பதையும், அவற்றின் சிடிஆர்-3 பலவகையாக இருப்பதையும் ஓர் ஆய்வு காட்டியது. முகவரி ஒன்று, கைரேகைகள் பல. நாம் மேலே கேட்ட தடம் அப்படியே இருந்தது. 1997இல் அதே ஆய்வாளர்கள், மனித மரபணுத் தொகுதியில் உறங்கும் ஒரு பழைய ரெட்ரோவைரஸே அந்தச் சூப்பர் ஆன்டிஜனின் பிறப்பிடம் என்று அறிவித்தார்கள். உலகெங்கும் பெரும் கவனம் கிடைத்தது. தொடர்ந்து பல குழுக்கள் சோதித்தபோது, அந்த வைரஸின் ஆர்என்ஏ நலமாக இருப்பவர்களிடமும் காணப்பட்டது; புரதம் வி-பீட்டா 7ஐத் தூண்டும் என்ற கூற்றும் மற்றக் குழுக்களின் கையில் மீண்டும் நிகழவில்லை. தடத்தைப் படித்ததில் பெரும் குறை இல்லை. அது யாருடையது என்று சொன்னதே நிலைக்கவில்லை.

எப்ஸ்டைன்-பார் வைரஸின் வழி வேறு. இந்த வைரஸ் தொற்றிய பி செல்கள், வி-பீட்டா 13 வகை டி செல்களைத் தூண்டுவதாக 1996இல் கண்டார்கள். 2001இல், தூண்டும் புரதம் அந்த வைரஸுடையது அன்று, அது எழுப்பிவிடும் ஹெர்வ்-கே18 என்ற மனித உள்ரெட்ரோவைரஸின் உறைப் புரதம் என்று அதே ஆய்வு வரிசை தெரிவித்தது. இதனால் நம் கேள்வித் தாளில் ஒரு வரி கூடுகிறது: புரதம் வைரஸின் மரபணுவிலிருந்து வருகிறதா, அல்லது வைரஸ் தட்டி எழுப்பிய நம் சொந்த மரபணுவிலிருந்து வருகிறதா?

கொரோனாவும் குழந்தைகளின் பல்லுறுப்பு அழற்சியும்

2020 ஏப்ரலில், கொரோனா தொற்று வந்துபோன சில வாரங்களுக்குப் பின் குழந்தைகள் கடும் காய்ச்சல், வயிற்றுவலி, தோல் தடிப்பு, கண் சிவத்தல், இதயத் தளர்ச்சி ஆகியவற்றோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 'மிஸ்-சி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நோய், பெரும்பாலும் தொற்றுக்கு 2 முதல் 6 வாரங்களுக்குப் பின் வருகிறது. தோற்றத்தில் நச்சு அதிர்ச்சி நோயை ஒத்திருந்ததால், சூப்பர் ஆன்டிஜன் பற்றிய எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

சான்றுகளை வகைப்படி அடுக்குவோம். 2020இல் வந்தது கணினிச் சான்று: ஸ்பைக் புரதத்தின் 681 முதல் 684 வரையிலான நான்கு அமினோ அமிலச் செருகலை ஒட்டிய பகுதி, ஸ்டஃபிலோகாக்கஸ் குடல்நச்சு 'பி'யின் ஒரு பகுதியை ஒத்திருக்கிறது என்பது. அது கருதுகோள். 2021இல் வந்தது தடம்: மிஸ்-சி குழந்தைகளில் டிஆர்பிவி 11-2 பெருகியிருப்பதை ஒரு குழு மரபணு வரிசை வழியாகவும், வி-பீட்டா 21.3 ஏறத்தாழ 75 விழுக்காட்டினரில் பெருகியிருப்பதை இன்னொரு குழு செல் அளவீட்டின் வழியாகவும் கண்டன. இரண்டும் ஒரே வகையின் இரு பெயர்கள் என்பதை மேலே பார்த்தோம். வேறு வேறு முறைகள் ஒரே இடத்தைக் காட்டியது வலுவான செய்தி. பெருக்கம் சிடி4, சிடி8 இரண்டிலும் இருந்தது, கடும் கொரோனா நோயாளிகளிலோ கவாசாக்கி நோயிலோ (குழந்தைகளின் இரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் வேறொரு நோய்) அது காணப்படவில்லை, குணமானதும் மறைந்தது, அந்தச் செல்கள் கொரோனா வைரஸின் துணுக்குகளுக்கு எதிர்வினை காட்டவும் இல்லை. இவ்வளவு நேர்த்தியான தடம் மனித வைரஸ் நோயில் அரிது என்றே சொல்வேன்.

ஆனால் கால்? தூய ஸ்பைக் புரதத்தை மனித இரத்தச் செல்களோடு சேர்த்துப் பார்த்து 2022இல் வெளியான சோதனையில், சூப்பர் ஆன்டிஜனுக்குரிய தூண்டல் தென்படவில்லை. இதற்கிடையே வேறு விளக்கங்கள் வலுப்பெற்றுள்ளன. 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, மிஸ்-சி குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம், உடலின் சொந்தப் புரதமான எஸ்என்எக்ஸ்8ஐத் தாக்கும் எதிர்ப்பொருள்களைக் கண்டது. அந்தப் புரதத்தின் ஒரு பகுதி கொரோனா வைரஸின் உட்கரு உறைப் புரதத்தை ஒத்திருப்பதால், வைரஸுக்கு எதிராக எழுந்த டி செல் தன்னுடலையும் தாக்கக்கூடும் என்பது அதன் விளக்கம். 2025இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு, டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைன் மிகுந்து டி செல்களின் காவலைத் தளர்த்துவதால், உடலில் உறங்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸ் விழித்தெழுவதையும், வி-பீட்டா 21.3 பெருக்கம் அதனோடு தொடர்புறுவதையும் காட்டியது.

ஆகவே இந்த நோயைப் பற்றி இன்று ஒருவர் எழுதுவதாக இருந்தால், 'வி-பீட்டா 21.3 பெருக்கம் உறுதி. அதற்குக் காரணம் ஸ்பைக் சூப்பர் ஆன்டிஜன் என்பது உறுதிப்படவில்லை. இரண்டு மாற்று விளக்கங்கள் ஆராயப்பட்டு வருகின்றன' என்று எழுதுவதே நேர்மை. பெற்றோர்களுக்கு இந்த விவாதத்தின் முடிவு தெரியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கொரோனா வந்துபோன வாரங்களில் குழந்தைக்கு விடாத காய்ச்சலும் மேற்சொன்ன அறிகுறிகளும் சேர்ந்து வந்தால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நரம்பு வழி செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் ஸ்டீராய்டும் அழற்சியை அடக்குவதற்காகத் தரப்படுகின்றன; தூண்டியது எது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே அவை பயன்படுகின்றன.

விவாதத்தைத் தொடர விரும்புபவர் இனி வரும் கட்டுரைகளில் எதிர்பார்த்திருக்க வேண்டிய சோதனை இது: ஒரு மனித வைரஸின் புரதத்தை மனிதக் காட்டும் செல்லுக்குள் உருவாக்கி, நோயாளிகளில் பெருகிய அதே வி-பீட்டா மட்டும் தூண்டப்படுவதைக் காட்டி, இணையும் இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி அதை நிறுத்தி, தொடர்பில்லாத இன்னொரு ஆய்வுக்கூடத்திலும் அதையே மீண்டும் காண்பது.